நாலு கதவுப் படகு

1973 டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். டார்ம்ஸ்டாட்டில் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானி சைபருக்கு இரண்டு டிகிரி கீழே காட்டியது. வழக்கம்போல் அதை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவிட்டு முகம் மழித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வாரத்துச் சட்டைகள் அத்தனைக்கும் இஸ்திரி போடுவது என் பொறுப்பு. அன்று ஒன்றே ஒன்றுக்குப் போட்டேன், வெள்ளைச் சட்டை. மனைவி பிளாஸ்க்கில் காபியை ஊற்றி, எலுமிச்சம்பழச் சாதத்தை டிபன் கேரியரில் அடைத்தாள். ரேடியோவில் அதற்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் கேட்ட அறிவிப்பு திரும்ப வந்தது: எண்ணெய்த் தட்டுப்பாட்டின் காரணமாக இன்றும் சொந்தக் கார்களைச் சாலையில் ஓட்டக் கூடாது.

எங்களிடம் கார் கிடையாது. ஆனாலும் அந்த அறிவிப்பைக் கேட்டபோது எனக்குத் திருப்தியாக இருந்தது. கார் ஓடாத ஒரு நாளில் எங்கள் விருந்தாளியை விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு அழைத்துப் போக, ஜெர்மனியில் வேறு யாருக்கும் தோன்றாத ஒரு ஏற்பாட்டை நான் செய்து வைத்திருந்தேன்.

விருந்தாளி கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார் செய்யும் ஆலையின் முதலாளி. இங்கே சில இயந்திரங்களை வாங்குவதற்காக மனைவியோடு வருகிறார். அத்தோடு என்னையும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருடைய ஆலைக்கு ஒரு மேலாளர் தேவை. டார்ம்ஸ்டாட்டில் பம்புகளைச் சோதிக்கும் கூடத்தில் எனக்குப் பதினோரு வருட அனுபவம். அவருக்கு என்னைப் பிடித்துவிட்டால் நாங்கள் ஊர் திரும்பலாம்.

ஊர் திரும்ப வேண்டும் என்பது எனக்காக அல்ல. எனக்கு இங்கே வேலை இருந்தது, மேசை இருந்தது, மேசைக்கு மேலே என் பெயர் எழுதிய பலகைகூட இருந்தது. என் மனைவி மதுரையில் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இங்கே அவள் சான்றிதழ்களை எந்தப் பள்ளியும் ஏற்கவில்லை. பதினோரு வருடமாக அவள் வீட்டில் இருந்தாள். முதல் சில வருடங்கள் கேட்டுப் பார்த்தாள், பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து தப்பாகக் கழித்தல் போடுவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதை நான் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததாகச் சொன்னதில்லை.

முதலாளி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் என் அலுவலகத்துக்கு டிரங்கால் போட்டார். கடல் இரைச்சலுக்கு நடுவே யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது லைன்.

"தம்பி, நானும் ஊட்டுக்காரம்மாவும் வர்றமுங்க. பெட்டி நாலு இருக்குது. சின்னதெல்லாம் பத்தாதுங்க. நல்ல படகா ஒண்ணு சொல்லி வச்சிருங்க."

"படகா, சார்?"

"ஆமாங்க, படகுதான். அம்மணிக்கு முட்டி வலி. காலை நீட்டி உக்காரோணும். ஏர்போர்ட்டுல இருந்து நேரா ஓட்டலுக்குப் போயிரலாம்."

லைன் துண்டித்துப் போனது.

அவர் "போட்" என்று சொல்லவில்லை, "படகு" என்றார். நான் மகிழ்ந்து போனதே அதனால்தான். அந்த நாட்களில் டார்ம்ஸ்டாட்டில் படித்துக்கொண்டிருந்த தமிழ் மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடுவார்கள். அவர்கள் பாதி ஆங்கிலத்தில் பேசுவார்கள், நான் திருத்துவேன். சைக்கிள் என்றால் மிதிவண்டி என்பேன், பஸ் என்றால் பேருந்து என்பேன். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. "சார், பீர் குடிக்கலாமா? அதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அப்படி இருக்க, ஒரு பெரிய ஆலை முதலாளி டிரங்காலில், நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பேசும்போதும், நல்ல தமிழில் படகு என்கிறார். இந்த மனிதரிடம் வேலை செய்வது எவ்வளவு கௌரவம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை என்ற செய்தியும் அந்த வாரம்தான் வந்திருந்தது. அதைப் பத்திரிகையில் படித்திருப்பார், ஹோட்டல் ஆற்றங்கரையில் இருப்பதையும் விசாரித்திருப்பார், ஆகவே படகு கேட்கிறார் என்று முடிவு கட்டினேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "டிசம்பர்லயா?"

"அவர்தான் கேட்டார்."

"திரும்ப ஒரு தடவை கேட்டீங்களா?"

"படகா என்று கேட்டேன். படகுதான் என்றார்."



பிராங்பேர்ட் விமான நிலையத்திலிருந்து மைன் ஆறு அதிக தூரமில்லை. கெல்ஸ்டர்பாக் என்ற சிற்றூரின் கரையில் படகு ஏறினால் ஆற்றை எதிர்த்துப் போய் நகரத்துக்குள் ஹோட்டலின் எதிரிலேயே இறங்கலாம். கோடையில் பயணிகளை ஏற்றும் ஒருவர், குளிர்காலத்துக்காகத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த படகை எனக்காக அவிழ்த்தார். நான் நான்கு தடவை நேரில் போய்க் கேட்ட பிறகு அவிழ்த்தார் என்பதே சரி. "வருகிறவர்கள் மீன் வியாபாரிகளா?" என்று கேட்டார். இல்லை, ஆலை முதலாளி என்றேன். "அப்படியானால் அவருக்கு உங்கள்மேல் என்ன கோபம்?" என்றார். அதை நான் ஹெஸ்ஸன் மாநிலத்து நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

விமானம் நேரத்துக்கு வந்தது. முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். உயரமானவர், கம்பளிக் கோட்டுக்கு மேலே குரங்குக் குல்லா போட்டிருந்தார். அவர் மனைவி பட்டுப் புடவைக்கு மேலே ஆண்பிள்ளைக் கோட்டு ஒன்றைச் சாத்தி, காலுறைமேல் செருப்பு மாட்டியிருந்தார். என் மனைவியைப் பார்த்ததும், "வா கண்ணு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை மணி நேரமும் யாருடைய கையாவது கிடைக்காதா என்று இருந்தவர் மாதிரி விடவேயில்லை.

வெளியே நான் நிறுத்தி வைத்திருந்த டாக்சியைப் பார்த்து முதலாளி கேட்டார்: "படகு சொன்னனே தம்பி?"

"படகு ஆற்றில் நிற்கிறது, சார்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். டாக்சியின் கூரையைத் தட்டி, "அதுவுஞ் சரி. ஆத்துல நிக்குது" என்று தன் மனைவியிடம் திரும்பச் சொன்னார். அவர் எதற்குச் சிரித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் என் பேச்சு அவருக்குப் பிடித்திருக்கிறது என்று தோன்றியது. நானும் சிரித்தேன்.

சாலையில் ஒரு வண்டியும் இல்லை. நெடுஞ்சாலையின் நடுவில் ஒரு குடும்பம் பனிச்சறுக்கு வண்டியில் குழந்தையை வைத்து இழுத்துக்கொண்டு போனது. ஏன் இப்படி என்று முதலாளி கேட்டார். தடையைப் பற்றி விளக்கினேன். அவர் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று தெரிந்தது. அப்போதே எனக்குள் ஏதோ ஒன்று இடறியிருக்க வேண்டும். இடறவில்லை. டாக்சிக்காரர் ஆற்றங்கரையில் பெட்டிகளை இறக்கும்போது, "நகரத்துக்கு இங்கிருந்து கால் மணி நேரம்தானே. கொண்டுபோய் விட்டுவிடுகிறேனே?" என்றார். ஜெர்மன் மொழியில் சொன்னதால் விருந்தாளிகளுக்குப் புரியவில்லை. வேண்டாம், படகு இருக்கிறது என்றேன். அவர் படகைப் பார்த்தார், பட்டுப் புடவையைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளியும் படகைப் பார்த்தார். வெள்ளை அடித்த சிறிய மோட்டார் படகு, பின்பக்கம் கண்ணாடி போட்ட ஒரு அறை, கரையிலிருந்து அதற்கு ஒரு பலகை. பலகையின்மேல் உறைபனி. அவர் பலகையை ஒரு காலால் தட்டிப் பார்த்தார்.

"கார் ஓடக்கூடாதுங்கறதால இதுங்களா, தம்பி?"

"ஆமாம், சார். இன்றைக்கு இதுதான் வசதி."

"செரி" என்றார். "இவங்க ஊரு வழக்கம் நமக்கென்ன தெரியும்?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவரைக் கைத்தாங்கலாகப் பலகையில் ஏற்றினார். பாதியில் அந்த அம்மாளின் செருப்பு ஒன்று நழுவி ஆற்றில் விழுந்தது. படகுக்காரர் ஒரு கொக்கியால் அதை எடுத்துச் சொட்டச் சொட்ட அவர் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அவர் நன்றி சொன்னார்.

பெண்கள் இருவரும் கண்ணாடி அறையில் உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு கேஸ் அடுப்பு எரிந்தது. உள்ளே இருந்தால் குமட்டுகிறது என்று முதலாளி வெளியே வந்து என் பக்கத்தில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பல், படகு எதிலும் அதுவரை ஏறியதில்லை என்றார். நான் அவருக்குக் கரைகளைக் காட்டிக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் ரசாயன ஆலை, அதன் குழாய்கள், அதன் நாற்றம். கிரீஸ்ஹைமில் ஆற்றின் குறுக்கே பெரிய மதகு. எங்களுக்கு முன்னால் நிலக்கரிப் படகு ஒன்று காத்திருந்தது. அது உள்ளே போய் வெளியேறும்வரை நாங்களும் பனிக்காற்றில் நின்றோம். பிறகு எங்கள் முறை. கதவுகளை மூடி உள்ளே தண்ணீரை விடுவார்கள், படகு மேலே எழும்பும், மேல்மட்டத்து ஆற்றோடு சமமானதும் முன்கதவைத் திறப்பார்கள். தண்ணீர் எவ்வளவு உயரும், கதவின் எடை என்ன, வருடத்துக்கு எத்தனை படகுகள் என்று விசாரித்து மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எல்லாம் ஒப்பித்தேன். ஒரு மேலாளர் எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட வேண்டும் என்பதை அவர் நேரில் பார்க்கிறார் என்ற நினைப்பு எனக்கு.

"அப்படிங்களா" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னார். குல்லாவுக்குள் அவருடைய மூக்கு சிவந்து போயிருந்தது.

மதகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது அவர் அடுப்பில் கையைக் காட்டிவிட்டு வர உள்ளே போனார். அதற்கென்றே காத்திருந்ததுபோல் என் மனைவி வெளியே வந்தாள். என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன். சத்தம் போடாதீங்க."

"என்ன?"

"அந்த அம்மா அவங்க வீட்டுப் படகைப் பத்திப் பேசிட்டிருந்தாங்க. பச்சைக் கலராம். கோயமுத்தூர்ல அதே மாதிரி மூணே மூணுதான் இருக்காம்."

"நொய்யல் ஆற்றில் ஓட்டுகிறார்களா?"

"அவினாசி ரோட்டுல ஓட்டுறாங்க. படகுக்கு நாலு கதவாம்."

நான் அவளைப் பார்த்தேன்.

"அமெரிக்கா காருங்க. நீளமா, அகலமா வருமே, அது. அவங்க ஊர்ல அதைப் படகுன்னுதான் சொல்வாங்களாம். உங்ககிட்ட ஒரு பெரிய கார் சொல்லி வைக்கச் சொல்லியிருக்கார்."

வெளியே பனி, மதகின் சுவரில் எல்லாம் ஐஸ், என் இரண்டு காதுகள் மட்டும் தீப்பிடித்ததுபோல் சுட்டன. வெட்கம் என்று எழுதினால் அது சின்ன வார்த்தையாக இருக்கிறது. "படகு ஆற்றில் நிற்கிறது, சார்" என்று நான் சொன்னதும், படகு என்றால் ஆற்றில்தானே நிற்கும் என்று நான் வேடிக்கை பண்ணுவதாக நினைத்து அவர் சிரித்ததும், கூடச் சேர்ந்து நான் சிரித்ததும் திரும்பி வந்தன. அந்த அம்மாளின் ஈரச் செருப்பு வந்தது. மாணவர்களைத் திருத்திய ஞாயிறுகள் அத்தனையும் வந்தன. தமிழில் ஒரு வார்த்தை. அதன் பொருள் கோயமுத்தூரில் ரிக்ஷாக்காரருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்க தெரியும்? கார் ஓடக்கூடாதுன்னதால நீங்க இதை ஏற்பாடு பண்ணினதா நினைச்சிட்டிருக்கார். ஆபத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்ச புள்ளைன்னு அந்தம்மாகிட்ட பெருமையா சொல்றார்." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லிடுங்க. இல்லேன்னா சொல்லாதீங்க. ஏதாவது ஒண்ணு பண்ணுங்க, இப்படி முழிச்சிட்டு நிக்காதீங்க."

முன்கதவு திறந்தது, படகு நகர்ந்தது. முதலாளி திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை பாலத்தைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு தடவை அதுவும் வரவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது. அவர் தேடுவது நூறு பேர் பேசுவதைப் புரிந்துகொண்டு வேலை வாங்கும் ஆளை. ஒரு கார் கேட்டால் ஆற்றில் இறக்கும் ஆளை அல்ல. சொல்லாவிட்டால் மனைவி மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். தடை என்ற ஒரு காரணம் எனக்குத் தெரியாமலே எனக்காக உருவாகியிருந்தது, அதற்குப் பின்னால் நின்றுகொண்டால் போதும். நின்றுகொண்டேன்.

ஹோட்டல் எதிரே கரைப் படிகளின் மேலே இருந்த கம்பிக் கதவு குளிர்காலத்துக்காகப் பூட்டப்பட்டிருந்தது. இதை மட்டும் நான் விசாரிக்கவில்லை. படகுக்காரர் அடுத்த படித்துறைக்கு ஓட்டினார். அங்கிருந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். அந்த அம்மாள் முட்டி வலியோடு, ஒரு ஈரச் செருப்பும் ஒரு காய்ந்த செருப்புமாக, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஹோட்டல் கூடத்தில் மேசைமேல் பைன் கிளைகளால் செய்த வளையம், நான்கு மெழுகுவத்திகளில் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. இயந்திரம் விற்கும் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பூங்கொத்தோடு எழுந்தார். வெகு நேரமாகக் காத்திருக்கிறாராம். விமானம் தாமதமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, படகில் வந்தோம் என்றார் முதலாளி, கார்களுக்குத் தடை அல்லவா.

"ஆனால் டாக்சிகளுக்குத் தடை இல்லையே" என்றார் அதிகாரி. "கால் மணி நேரத்தில் வந்திருக்கலாம்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்சியில் ஏறி ஆற்றங்கரைவரை வந்தது அவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அதற்குமேல் ஒளிந்துகொள்ள இடமில்லை. அதிகாரிக்குப் புரியக் கூடாது என்று தமிழில் சொன்னேன். "சார், நீங்கள் படகு என்றீர்கள். காரைத்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மதகுக்குள் வைத்துத்தான் தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை."

அந்த அம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது. ஈரச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், சிரிக்க ஆரம்பித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயோ சாமி, காலு நீட்டோணும்னு கேட்டது நான். அதுக்கு என்னை ஆத்துல உட்டுட்டீங்களே."

முதலாளி சிரிக்கவில்லை. குல்லாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தாலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். "நாளைக்கு டிபனுக்கு வந்துருங்க, தம்பி. பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போனார்.

டார்ம்ஸ்டாட் ரயிலில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்தோம். திறக்கப்படாத டிபன் கேரியர் இருவருக்கும் நடுவில் இருந்தது. எலுமிச்சம்பழச் சாதத்தை யாருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் என் முகம் தெரிந்ததால் டிபன் கேரியரைப் பார்த்தேன்.

"வேலை போச்சு" என்றேன்.

"பேசிக்கலாம்னாரே."

"அது மரியாதைக்கு."

"அதையும் நீங்களா அர்த்தம் பண்ணிக்கிறீங்க" என்றாள். அன்றிரவு படுத்த பிறகு இருட்டில் அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். "நொய்யல்ல ஓட்டுறாங்களான்னு கேட்டீங்களே" என்றாள், சொல்ல முடியாமல். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காதுகள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தன. விடியும்வரை ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. டிபன் என்றாரே, எந்த டிபன்? எங்கள் பக்கத்தில் காலையில் சாப்பிடுவதும் டிபன், மாலையில் சாப்பிடுவதும் டிபன். கோயமுத்தூரில் எது?

மறுநாள் காலை எழுந்ததும் வெப்பமானியைப் பார்க்கவில்லை, முகமும் மழிக்கவில்லை. பைஜாமாவுக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனைத் தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். ஹோட்டலை அழைத்து முதலாளியின் அறையைக் கேட்டேன். அவர் விழித்துத்தான் இருந்தார்.

"சார், மன்னிக்க வேண்டும். நேற்று டிபன் என்றீர்கள். காலை டிபனா, சாயங்கால டிபனா?"

மறுமுனையில் தூரத்தில், "அம்மணி, எந்த டிபன்னு கேக்கறாரு" என்று மனைவியிடம் சொல்வது கேட்டது. அதன் பிறகு, முந்தின நாள் முழுக்க வராத சிரிப்பு அவருக்கு வந்தது.

"காலைங்க தம்பி. எட்டு மணிக்கு. எட்டுன்னா எட்டுதானுங்க, அதுக்கு எங்க ஊர்ல வேற அர்த்தம் கிடையாது." இருமினார், படகில் பிடித்த சளி. "உங்க வீட்டம்மாவையும் கூட்டியாங்க. சர்டிபிகேட்டுகளையும் எடுத்தாரச் சொல்லுங்க. எங்க கம்பெனிப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சர் வேணும்னு, படகுல அவங்ககிட்டப் பேசுனதுல இருந்து அம்மணி சொல்லிட்டிருக்கறா. உங்க விசயம் அப்புறம் பேசிக்கலாம்."

"எப்படி வரட்டும், சார்?"

"ரயில்ல வாங்க" என்றார்.